மாரா ஆற்றங்கரையில் ஒரு வடைத் தகரம்

புதன்கிழமை, பின்னேரம் நாலு மணி. மல்வேர்ன், ரொறன்ரோ.

சிங்கத்தை நேரில் பார்க்கவேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. சிங்கம் வாள் பிடித்து நிற்கும் கொடியின் கீழே முப்பத்தைந்து வருடம் இருந்தவன். அது காணும் என்றுதான் கனடாவுக்கு வந்தேன். பிறகு ஏன் ஆபிரிக்கா என்று கேட்பீர்கள். அக்காவால்தான்.

அக்காவின் கணவர், என் அத்தான், நைரோபியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். அவர்கள் அங்கே போய்ப் பதினொரு வருடம். அக்காவை நான் கடைசியாகக் கண்டு ஒன்பது வருடம். முன்பென்றால் விடுமுறைக்கு எல்லோரும் யாழ்ப்பாணத்தில் கூடுவோம். எண்பத்து மூன்றோடு அந்த வழி அடைபட்டுப் போனது. இந்த வருடம், எண்பத்தாறு சித்திரையில், அக்கா எழுதினாள்: "நீ இங்கே வா. அத்தான் உன்னை மசாய் மாராவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மிருகங்கள் காட்டுவார். உனக்கும் ஒரு மாற்றமாய் இருக்கும்." மாற்றம் என்ற சொல்லை இரண்டுதரம் வாசித்தேன். கொழும்பில் ஒரு கந்தோரில் பேனை பிடித்துக்கொண்டிருந்தவன், இப்போது ரொறன்ரோ நகரத்துக்குள்ளே ஒரு ஹொட்டேல் சமையலறையில் சட்டி கழுவுகிறேன். இதற்கு மேல் என்ன மாற்றம்? ஆனாலும் பக்கத்து அஜின்கோர்ட்டில் ஒரு பயண ஏஜென்றிடம் ஆயிரத்து நானூறு டொலர் சொச்சம் கொடுத்து, லண்டன் வழியாகப் போய்வர ரிக்கெற் எடுத்தேன்.

மனைவி தவமணி இரண்டு நாள் அடுப்படியில் நின்று தட்டை வடை சுட்டாள். பருத்தித்துறைப் பக்கத்து வடை. மெல்லியது, மொறுமொறுப்பு, உறைப்பு, கிழமைக் கணக்கில் கெடாது. அதை அடுக்கிய தகரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலம் பிஸ்கட் வந்த சதுரத் தகரம். மூடியில் பனி மூடிய ஒரு வீட்டின் படம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் குசினித் தட்டில் இருந்தது. எண்பத்து மூன்று ஆடியில் ஊர் கொதிக்கத் தொடங்கியதுமே தவமணி எங்கள் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பிள்ளைகளின் தாள்கள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, மேலே வடையை அடுக்கிவிட்டாள். அடுத்த நாள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் அலுமாரியைக் கவிழ்த்தார்கள். மெத்தையைக் கிழித்தார்கள். றேடியோவைத் தூக்கினார்கள். நான் முன்னால் நின்று, "சேர், சேர்" என்று சொல்லிக்கொண்டு சாவிகளை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன். ஒருவன் தகரத்தையும் திறந்தான். ஒரு வடையை எடுத்துக் கடித்தான். உறைப்புத் தாங்காமல் துப்பினான். தகரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: பெறுமதியான தாள் என்றால் வடைக்குக் கீழே.

இப்போது பெறுமதியான தாள் ஒன்றே ஒன்றுதான். அகதி என்று ஏற்றுக்கொண்டவர்களுக்குக் கனடா தருகிற பயணப் பத்திரம். இலங்கைக் கடவுச்சீட்டு என்னிடம் இல்லை. இந்தப் பத்திரத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று எழுதியிருக்கிறது. உலகம் முழுவதும் போகலாம், வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது. கனடாவில் குடியேறிய தாளையும் அதோடு பின் அடித்து, கழுவிக் காயவைத்த பால் பை ஒன்றுக்குள் போட்டு, றப்பர் வளையம் சுற்றித் தகரத்தின் அடியில் வைத்தாள் தவமணி. இந்த நாட்டில் பால் பையில் வருகிறது என்பதில் அவளுக்கு இருக்கிற சந்தோசம் வேறு எதிலும் இல்லை.

"இஞ்சரப்பா, கவுண்டரிலை கேட்டால் மட்டும் வெளியிலை எடுங்கோ. காட்டினவுடனை திரும்ப வடைக்குக் கீழை."

"சிங்கம் கேட்டால்?"

"சிங்கம் தாள் கேக்காது. மனிசர்தான் கேப்பினம்."

வெள்ளிக்கிழமை, காலை ஏழரை. நைரோபி.

ரொறன்ரோவில் ஒருதரம், லண்டனில் இரண்டுதரம், நைரோபியில் ஒருதரம் வடையைக் கிளறிப் பத்திரத்தை எடுத்தேன். லண்டனில் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். நைரோபியில் இருந்த அதிகாரி பத்திரத்தை விரித்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"இது எந்த நாட்டு வாசனை?"

"அதில் 'தவிர்ந்த' என்று எழுதியிருக்கிற நாடு, சேர்."

அவருக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

வெளியே அக்கா நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது என்பதையும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்பதையும் கணக்கில் எடுக்காமல் அத்தனை பேருக்கும் முன்னால் என் காதைப் பிடித்து முறுக்கினாள். "காய்ஞ்சு கருவாடாய்ப் போனாய். சாப்பாட்டுக் கடையிலை வேலை எண்டு எழுதினாய்?" பிறகு தகரத்தைப் பறித்துத் திறந்து ஒரு வடையை வாயில் போட்டாள். மென்றுகொண்டே நடந்தாள்.

மாராவுக்கு அவள் வரவில்லை. "நான் நாலுதரம் பாத்திட்டன். சிங்கம் எப்பவும் படுத்துத்தான் கிடக்கும். வீட்டிலை உன்ரை அத்தானைப் பாத்தால் காணும்."

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை.

வெள்ளை மினிபஸ். கூரையை ஆளுயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தலாம்; எழுந்து நின்று மிருகம் பார்ப்பதற்கு. மிருகம் எங்களைப் பார்ப்பதற்கும் அதே வசதி. ஓட்டுநர் முவாங்கி, அத்தானின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்; இப்போது அவர்களுக்கு விடுமுறை. அத்தானை "முவாலிமு" என்று கூப்பிட்டார். வாத்தியார் என்று அர்த்தமாம். என்னை "ம்ஸே" என்றார்.

"அதென்ன அத்தான்?"

"மரியாதையான சொல்லு. கிழவர்."

முவாங்கிக்கு என்னைவிட ஐந்து வயதாவது கூட இருக்கும்.

நைரோபியிலிருந்து நாரொக் என்கிற சிறிய பட்டணத்துக்கு நூற்று நாற்பது கிலோமீற்றர். அங்கிருந்து மாராவின் வாசலுக்கு இன்னும் தொண்ணூறு வரும். முதல் பாதி தார் ரோட்டு, மற்றது ரோட்டு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் இடம். ஒரு மணித்தியாலம் போனதும் முவாங்கி மலை விளிம்பில் வண்டியை நிறுத்தினார். கீழே நிலம் பிளந்து இறங்கிக் கிடந்தது. இந்தக் கரையில் நாங்கள், மறுகரை தெரியவே இல்லை; நடுவில் முகிலின் நிழல்கள் மாடு மேய்வதுபோல மெதுவாக நகர்ந்தன. விளிம்பில் கடை வைத்திருந்த ஒருவர் மரத்தில் செதுக்கிய ஒட்டகச்சிவிங்கிக்கு நூற்றைம்பது ஷில்லிங் சொன்னார். நாற்பதுக்குத் தந்தார். அதன் ஒரு காது ஏற்கெனவே உடைந்திருந்ததை வண்டியில் ஏறிய பிறகுதான் கண்டேன்.

அத்தான் என் மடியைப் பார்த்தார். "உதென்ன, நீர் உந்தத் தகரத்தைக் கைப்பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறீர்?"

"பத்திரம் கிடக்கு அத்தான்."

"எங்கை?"

"வடைக்குக் கீழை."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "வீட்டிலை என்ரை அலுமாரிக்கை வைச்சிட்டு வந்திருக்கலாமே."

"அலுமாரியைத்தான் அத்தான் முதல் திறப்பினம்."

அவர் யன்னலால் வெளியே பார்த்தார்.

அதே நாள், பின்னேரம் நாலரை. மசாய் மாரா.

புல்லைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் பயமில்லாமல் பார்த்தேன். தங்க நிறமும் இல்லை, பச்சையும் இல்லை. காற்று தடவும் பக்கத்துக்கு நிறம் மாறுகிற புல். அங்கங்கே ஒற்றை மரம், குடை விரித்தது போல. இவ்வளவு பெரிய வெளியில் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லையே என்பதுதான் என் முதல் எண்ணம். அழகான இடங்களைக் கண்டால் மற்றவர்கள் படம் எடுப்பார்கள். நான் ஓடுகிற வழியைப் பார்ப்பேன்.

வரிக்குதிரைகள் நின்றன. யானைக் கூட்டம் ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் ரோட்டைக் கடந்தது. தாடி வைத்த மாடுகள் போல வில்டபீஸ்ட் ஆயிரக்கணக்கில், ஒன்றின் பின்னால் ஒன்று. "அந்த மேட்டுக்கு அப்பால் தான்சானியா," என்றார் முவாங்கி. "வருடா வருடம் போய் வருகின்றன." எல்லையைப் பற்றி, பத்திரம் இல்லாமல் போகிற சுதந்திரத்தைப் பற்றி ஒரு தத்துவம் என் வாய்வரை வந்தது. அத்தான் முந்திக்கொண்டார். "ஆத்தைக் கடக்கேக்கை ஒவ்வொரு முறையும் எவ்வளவு சாகுது தெரியுமே? முதலை பாத்துக்கொண்டு கிடக்கும்." தத்துவத்தை விழுங்கினேன்.

பிறகு சிங்கங்கள். ஒரு மரத்தடியில் ஏழு என்று அத்தான் எண்ணினார். நான் எண்ணவில்லை. கூரை திறந்திருக்கிறது, சிங்கம் பாயும், இரண்டையும் கூட்டினால் விடை என்னவென்று எனக்குத் தெரிந்தது. மினிபஸ்ஸின் தரையில் தகரத்தை அணைத்துக்கொண்டு குந்தினேன். சிங்கங்களுக்கு முன்னால் என் முதல் பத்து நிமிடங்களில், சீற்றுக்கு அடியில் கிடந்த ஒரு பழைய சோடா மூடியை மிகத் துல்லியமாகப் பார்த்தேன்.

"எழும்பும் காணும்," என்றார் அத்தான். "கனடாவிலையிருந்து காசு குடுத்து வந்து மூடியைப் பாக்கிறீர்."

எழும்பினேன். பிடரி வைத்த பெரிய சிங்கம் என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். அது வாயை முழுதாகத் திறந்து கொட்டாவி விட்டுவிட்டுப் படுத்தது. அக்கா சொன்னது சரி. அத்தானேதான்.

திங்கட்கிழமை, காலை பதினொன்றே முக்கால். மாரா ஆறு.

நீர்யானைகள் கிடக்கும் மடு ஒன்றுக்கு வந்தோம். இங்கே வண்டியை விட்டு இறங்கலாம். துவக்கோடு ஒரு காவலர் கூட நிற்பார். காக்கிச் சட்டை, நீளமான துவக்கு. அவரைக் கண்டவுடன் என் முதுகு தானாக வளைந்தது, இரண்டு கையும் காற்சட்டைப்பையிலிருந்து வெளியே வந்து எல்லோருக்கும் தெரிய நின்றன. அவர் பாவம், என்னைக் காப்பாற்ற நிற்கிறவர். "ஜம்போ," என்று சிரித்து வணக்கம் சொன்னார். என் முதுகுக்கு அந்தப் பாஷை தெரியாது.

உயர்ந்த கரை. சரிவில் நாற்பது அடி எடுத்து வைத்தால் தண்ணீர். தண்ணீருக்குள் இருபது, இருபத்தைந்து நீர்யானைகள், கழுவாத பெரிய சட்டிகள் போல. கவிழ்த்து வைத்த சட்டி என்றால் எனக்கு ஊரும் நாடும் மறந்துபோகும். கொஞ்ச நேரம் வேலைக்குப் போன மாதிரியே இருந்தது. ஒரு பெரிய ஆண் நீர்யானை மட்டும் தண்ணீருக்கு வெளியே, சேற்றில் வெயில் காய்ந்தது.

மரத்தடியில் அக்கா கட்டித்தந்த பாண் துண்டுகளையும் முட்டைப் பொரியலையும் சாப்பிட்டோம். முவாங்கிக்கு ஒரு வடை கொடுக்கலாம் என்று தகரத்தைத் திறந்தேன். அவர் கை நீட்டியவர், அப்படியே நிறுத்தினார்.

"ம்ஸே. அசையாதே. பின்னால்."

திரும்பினேன். திரும்பாதே என்றுதான் அவர் சொல்லியிருக்கவேண்டும். ஒரு பபூன் குரங்கு. ஆண், ஒரு பத்து வயதுப் பிள்ளை குந்தியிருக்கும் உயரம், நாய் முகம். என் முன்னால் வந்து உட்கார்ந்தது. அவசரப்படவில்லை. தகரத்தைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு உதட்டை உயர்த்தி இரண்டு பற்களைக் காட்டியது. அந்தச் சிங்கத்திடமும் அப்படிப் பல் இருந்திருக்கும், ஆனால் அது எனக்கென்று தனியாகக் காட்டவில்லை.

இனி நடந்ததை மறைக்க ஒன்றுமில்லை. அத்தானும் முவாங்கியும் காவலரும் சாட்சி. குரங்கு பறிக்கவில்லை. பாயவில்லை. நான் கொடுத்தேன். முதுகை வளைத்து, "சேர்" என்று சொல்லி, தகரத்தை இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் ஒரு கையால் வாங்கிக்கொண்டார்.

அத்தான் கத்திய பிறகுதான் தகரத்துக்குள் என்ன இருந்ததென்பது எனக்கு ஞாபகம் வந்தது. "பத்திரமடா! பத்திரம்!" பதினெட்டு வருடத்தில் அவர் என்னை "டா" போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

குரங்கு மரத்தில் ஏறிவிட்டது. கிளையில் வசதியாக இருந்து ஒவ்வொரு வடையாகத் தின்றது. உறைப்பு அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. முவாங்கி கல் எறிந்தார். அது வடையோடு இன்னொரு கிளைக்கு, ஆற்றுப் பக்கமாகப் போனது. கடைசியாகப் பால் பை வெளியே வந்தது. திருப்பிப் பார்த்தது. கடித்தது. மென்றது. எந்த நாட்டு அதிகாரியும் அந்தப் பத்திரத்தை அவ்வளவு ஆழமாகப் பரிசோதித்ததில்லை. சாப்பிடுகிற சாமான் இல்லை என்று முடிவு செய்து கீழே விட்டது. பை ஒரு கொப்பில் பட்டு, சரிவில் வழுக்கி, தண்ணீருக்கு இரண்டு முழம் இருக்கையில் சேற்றில் நின்றது. வெயில் காய்ந்த நீர்யானைக்கும் அதற்கும் ஒரு பஸ்ஸின் நீளம்.

காவலர் தலையாட்டினார். "இப்போது யாரும் இறங்க முடியாது. அது தண்ணீருக்குள் போகட்டும்."

"எப்போது போகும்?"

"அதைத்தான் கேட்க வேண்டும்."

அதே நாள், பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை.

ஒன்றரை மணித்தியாலம் ஒரு மிருகத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது ஒரு பகிடியும் வரவில்லை. அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் ரொறன்ரோவுக்கு என்னை எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். நைரோபியிலேயே விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கவேண்டும். எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. திரும்பிப் போக வேறு நாடும் இல்லை. மல்வேர்னில் தவமணி இரண்டு பிள்ளைகளோடு தனியாக. சின்னவளுக்கு இங்கிலீசில் கனவு வரத் தொடங்கியிருக்கிறது. அவள் நித்திரையில் பேசுவதை எனக்குத் தாய்தான் சொல்வாள், நான் வேலை முடிந்து வரும்போது அவள் எழும்பியிருக்கமாட்டாள். ஒரு சிறிய காற்று அடித்தாலும், ஒரு அலை அடித்தாலும், பை ஆற்றோடு போய்விடும். நான் காற்றைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தேன்.

அத்தான் பக்கத்தில் வந்து குந்தினார். எண்பத்து மூன்றைப் பற்றி அவர் கடிதத்திலும் கேட்டதில்லை, வந்த மூன்று நாளிலும் கேட்டதில்லை.

"அண்டைக்கும் உப்பிடித்தான் குடுத்தனீரோ?"

"ஓம் அத்தான். வீட்டுத் திறப்பு, அலுமாரித் திறப்பு, கைமணிக்கூடு. அவங்கள் கேக்க முதலே."

"குடுத்தபடியால்தானே இண்டைக்கு உயிரோடை இருக்கிறீர்."

"அது உண்மைதான். ஆனால் கை பழகிப்போச்சு."

அவர் என் கைகளைப் பார்த்தார். சட்டி கழுவி நகமெல்லாம் வெளிறிய கைகள். தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தந்தார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். இருவரும் ஒரே நேரத்தில் அதைக் கவனித்தோம்.

இரண்டு மணிக்கு நீர்யானை எழும்பியது. எங்களுக்கு முதுகைக் காட்டிச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கியது. காவலர் துவக்கைத் தோளிலிருந்து எடுத்தார். "என் இரண்டு கையும் இதில் இருக்கும். பையை எடுக்க ஓர் ஆள் வேண்டும். சத்தமாகப் பேசிக்கொண்டே வரவேண்டும். சத்தம் கேட்டால் அவை கரைக்குக் கிட்ட வராது. இடையில் நிறுத்தக்கூடாது."

முவாங்கி எழும்பினார். அவருக்கு ஐந்து பிள்ளைகள் என்று காலையில் சொல்லியிருந்தார்.

"நான் போறன்," என்று என் வாய் சொன்னது. காலைக் கேட்காமல் சொன்னது.

சரிவில் இறங்கினேன். முன்னால் காவலர், பின்னால் நான். சத்தமாகப் பேசு என்றால் என்ன பேசுவது? முருகா என்று வந்திருக்கவேண்டும். அம்மா என்றாவது வந்திருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். "நெக்ஸ்ற் ஸ்ரேசன், யங்!" என்று வந்தது.

மூன்று வருடமாக, வேலை முடிந்து களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் எனக்கு, சுரங்க றெயினில் ஒரு குரல் தினமும் சொல்லிவருகிற பட்டியல் அது. "ஷேர்போர்ன்!" ஒரு நீர்யானை காதை ஆட்டியது. "காசில் பிராங்க்! புரோட்வியூ!" கால் சேற்றில் புதைந்தது. "செஸ்ரர்! பேப்! டொன்லண்ட்ஸ்!" தண்ணீருக்கு மேலே இருபத்தைந்து சோடிக் கண்கள் என் பக்கம் திரும்பின. "கிரீன்வுட்! கொக்ஸ்வெல்! வுட்பைன்!" சில இடத்தை இரண்டுமுறை சொன்னேன், றெயின் பின்னுக்குப் போனாலும் பரவாயில்லை என்று. "மெயின் ஸ்ரீட்! விக்ரோரியா பார்க்!" வோர்டன் என்று கத்திக்கொண்டே குனிந்தேன். பை என் கையில். ஒரே கையால் பிடுங்கி எடுத்தேன்.

கடைசி நிறுத்தமான கென்னடி வரும்போது மேலே நின்றேன். அந்த நாற்பது அடியை நான் எப்படி ஏறினேன் என்பது எனக்குத் தெரியாது. அத்தான் சொன்னார், காவலரையும் முந்திவிட்டேனாம்.

முவாங்கி கேட்டார்: "ம்ஸே, அது என்ன மந்திரம்?"

"எங்கள் ஊர் றெயின் நிற்கிற இடங்கள்."

அத்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எங்கடை ஊரோ?"

"வாய்க்கு வந்தது, அத்தான்."

பையைத் திறந்தோம். குரங்கின் பற்கள் இரண்டும் பத்திரத்தை அட்டையிலிருந்து அட்டைவரை துளைத்திருந்தன. ஒன்று என் படத்தில், சந்தனப் பொட்டு வைக்கிற இடத்தில். எழுத்துகள் எல்லாம் அப்படியே இருந்தன. மேலே கிளையில் ஒரு குட்டிக் குரங்கு, பனி வீட்டுப் படம் போட்ட மூடியை நக்கிக்கொண்டிருந்தது. தகரத்தை எடுத்துத் தரட்டுமா என்று காவலர் கேட்டார். வேண்டாம் என்றேன். கொழும்பில் வந்தவன் வடையைத் துப்பினான், வீட்டில் இருந்த மற்றதை எல்லாம் கொண்டுபோனான். இவர் வடையைத் தின்றுவிட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தந்தவர். தகரத்தை வைத்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை, நைரோபி; ஞாயிற்றுக்கிழமை, ரொறன்ரோ.

விமான நிலையத்தில் அக்கா மறுபடி காதைப் பிடித்தாள், ஆனால் முறுக்கவில்லை. "அடுத்த முறை எங்கையடா காணுறது?" என்றாள். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளும் என்று நான் பகிடி விட்டிருக்கலாம். விடவில்லை. அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் மேல்சட்டையின் உட்பையைத் தடவி, பத்திரம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

ரொறன்ரோவில் கவுண்டரில் இருந்தவள் இளம் பெண். பத்திரத்தை விளக்கில் பிடித்தாள். ஓட்டையினூடாக ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"பபூன் கடித்தது, மேடம்."

"உணவுப் பொருள் ஏதும் கொண்டு வருகிறீர்களா?"

"இல்லை. எல்லாவற்றையும் அவர் சாப்பிட்டுவிட்டார்."

பக்கத்துக் கவுண்டர்க்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு வியர்த்தது. சிரித்து முடிய, ஓட்டைக்குப் பக்கத்தில் முத்திரையைக் குத்தி, புதியது ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நீட்டினாள். வாங்குவதற்கு இரண்டு கையும் எழும்பின. ஒன்றை இறக்கிக்கொண்டேன்.

விமான நிலைய பஸ்ஸில் வந்து ஐலிங்டனில் சுரங்க றெயின் ஏறினேன். யங்கில் கனபேர் ஏறினார்கள். பிறகு அந்தக் குரல் தொடங்கியது: ஷேர்போர்ன், காசில் பிராங்க், புரோட்வியூ. ஆற்றுக்கு மேலே பாலத்தில் றெயின் வெளிச்சத்துக்கு வந்தபோது கீழே பார்த்தேன். மரங்களும் தண்ணீரும். நீர்யானை இல்லை. எதிரே இருந்த மனிதர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பிறகுதான், நானும் கூடச் சேர்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது.

மல்வேர்னில் தவமணி முழுக் கதையையும் நின்றபடி கேட்டாள். தகரம் போன இடத்தில் மட்டும் கதிரையில் இருந்தாள். பிள்ளைகள் ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்தார்கள். பிறகு அவள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினியைச் சுற்றிப் பார்த்தாள். மேல் தட்டு, மாப்பேணி, அரிசி வாளி. கடைசியில் ரெலிபோனுக்குக் கீழே இருக்கிற இலாச்சியை இழுத்து, பஸ் துண்டுகள், பள்ளிக்கூடக் கடிதங்களோடு வைத்து மூடினாள். பூட்டு இல்லாத இலாச்சி.

மூன்று நாள் கழித்து, புதிய பத்திரத்துக்கு விண்ணப்பம் நிரப்ப அதைத் திறந்தேன். பத்திரம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலே, கழுவிய பால் பை ஒன்றுக்குள், ஐந்தாறு தட்டை வடை.

"இதென்னப்பா?"

தவமணி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "ஆராவது வந்து கேட்டால் குடுக்க ஏதும் இருக்க வேணுமெல்லே. இந்தமுறை வடையை மட்டும் குடுங்கோ."